வண்டி போகாத இடத்துத் தீ

எங்கள் கடலூரில் மலை என்று சொன்னால் கேப்பர் மலைதான். மத்தியச் சிறை இருக்கும் அந்தச் செம்மண் மேட்டை வெளியூர்க்காரர்கள் மலை என்று ஒப்புக்கொள்வதில்லை. ஊட்டி, கொடைக்கானல் பார்த்தவர்கள் சிரிக்கவே செய்கிறார்கள். இப்படிப்பட்ட ஊரில் பிறந்து, தீயணைப்புத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நான் மலைத்தீ பற்றி எழுத வருவதற்குக் காரணம் இரண்டு. பணிக்காலத்தில் சில வருடம் கல்வராயன் மலை அடிவாரத்தில் ஒரு நிலையத்தில் இருந்தேன் என்பது ஒன்று. புதுச்சேரியில் வேலை பார்க்கும் என் தம்பி மகள், போன மாசி மாதம் அலுவலக நண்பர்களைக் கூட்டிக்கொண்டு மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து, "பெரியப்பா, மலைக்குப் போறோம், ஒரு ராத்திரி டென்ட் போட்டுத் தங்கப்போறோம்" என்றது இன்னொன்று.

எந்த மலை என்று கேட்டேன். பேர் சரியாகத் தெரியவில்லை என்றார்கள். யாரோ வீடியோ போட்டிருக்கிறார், கூட்டமே கிடையாது, அனுமதி, கட்டணம் எதுவும் வேண்டாமாம். மாசி மாதம், காய்ந்த புல், ஆள் இல்லாத இடம், டென்ட். போதாததற்கு ராத்திரி கோழி சுட அடுப்புக்கரி மூட்டை ஒன்று. எனக்கு வயிற்றைக் கலக்கியது. அன்று சாயங்காலம் வெளி வராந்தாவில் உட்கார்ந்து வெகுநேரம் பேசினோம். அவர்களுக்குச் சொன்னதையும், நேரம் இல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் கடலோரத்துத் தீயைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடலூர், புதுச்சேரிப் பக்கத்துப் பிள்ளைகள் தீயைப் பற்றித் தெரிந்துவைத்திருப்பதெல்லாம் அதிலிருந்து வந்ததுதான். கோடையில் எங்களுக்கு வரும் அழைப்புகள் என்ன? கீற்றுக் குடிசை. மின்கம்பியில் உரசிய வைக்கோல் லாரி. நெல்லிக்குப்பம் பக்கம் கரும்புச் சோகை. பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு. எதுவாக இருந்தாலும் வண்டி ஏறக்குறையப் பக்கத்தில் போய்விடும். ஒரு வாட்டர் டெண்டரில் 4,500 லிட்டர் தண்ணீர் இருக்கும். ஹோஸ் முனையில் தண்ணீர் பீய்ச்சும் குழாயான பிராஞ்சைத் திறந்துவிட்டால் பத்து நிமிடத்தில் காலி. அதற்குள் யாராவது ஒருத்தர் ஓடிப்போய் போர்வெல் மோட்டாரைப் போட்டுவிடுவார், இல்லையென்றால் பக்கத்தில் குளமோ வாய்க்காலோ இருக்கும். ஊரே குடத்தோடு நிற்கும். சாலை, தண்ணீர், ஆள் மூன்றும் உள்ள இடத்தில்தான் நாங்கள் தீயணைத்துப் பெயர் வாங்கினோம். மலையில் இந்த மூன்றையும் எடுத்துவிடுங்கள், எங்கள் நிலைமை புரியும்.

கல்வராயன் மலை அடிவார நிலையத்தில் இருந்தபோது வந்த ஒரு நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மார்ச் மாதம், மதியச் சாப்பாட்டு நேரம். வனத்துறையிலிருந்து அழைப்பு. மேலே ஓர் அருவிக்குப் பக்கத்துச் சரிவில் தீ, சுற்றுலா வந்தவர்கள் இருக்கிறார்கள் என்று. வளைவு வளைவாக ஏறிப்போய் தார்ச்சாலை முடியும் இடத்தில் வண்டியை நிறுத்தினோம். அங்கிருந்து பார்த்தால் தீ தெரிகிறது. தலைக்கு மேலே, எதிர்ச் சரிவில், ஆரஞ்சுக் கோடாக. நடந்தால் ஒரு மணி நேரம்.

புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் ஹோஸை உருட்டி எடுத்துவிட்டான். எங்கள் ஓட்டுநர் அண்ணன், "எங்கடா கொண்டுபோகப் போற?" என்று கேட்டார். கணக்கு எளிதானது. ஒரு ஹோஸ் 30 மீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு முப்பதுக்கு மேல் வேண்டும், எங்கள் வண்டியில் அவ்வளவு கிடையாது. இருந்தாலும் பயனில்லை. தண்ணீரைப் பத்து மீட்டர் மேலே ஏற்றினால் ஒரு பார் அழுத்தம் அதற்கே போய்விடும். ஏழு பார் கொடுக்கும் பம்பு, எழுபது மீட்டர் உயரத்தில் தண்ணீரைச் சொட்டவிட்டு நின்றுவிடும். தீ அதைவிட மூன்று மடங்கு உயரத்தில் இருந்தது. ஆக 4,500 லிட்டர் தண்ணீரோடு பளபளவென்று சிவப்பு வண்டி கீழே நிற்க, நாங்கள் அரிவாளை எடுத்துப் பச்சைத் தழை வெட்டப் போனோம்.

கனத்த ரப்பர் கம்பூட் போட்டுக்கொண்டு மலைச்சரிவில் ஏறிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கொடுமை தெரியும். பாதி வழியிலேயே எங்களில் இரண்டு பேருக்குக் கால் பின்னிக்கொண்டது. வனத்துறை வாட்சர்கள் சாதாரண கேன்வாஸ் ஷூவில் ஏறினார்கள். பக்கத்து மலைக்கிராமத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர் டயர் செருப்போடு எங்களுக்கு முன்னால் போனார். அன்று எங்களுக்கு நிலைய அலுவலர் அவர்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் சொன்னபடிதான் எல்லாம் நடந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பெரிய கவலை தீயாக இல்லை. அருவிக்கு மேலே ஒரு புல் முகடு. அதில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள், எல்லாம் கல்லூரி வயது. கீழேயிருந்து புகை வருவதைப் பார்த்துவிட்டு உச்சியை நோக்கி ஏற ஆரம்பித்திருந்தார்கள். வாட்சர் விசில் அடிக்கிறார், கத்துகிறார், காற்றில் எதுவும் கேட்கவில்லை. நாங்கள் கையை ஆட்டினால் அவர்களும் சந்தோஷமாக ஆட்டுகிறார்கள்.

மேலே ஏறினால் தப்பிக்கலாம் என்பது வெள்ளத்துக்குச் சரி. கடலூர்க்காரர்களுக்குச் சுனாமியும் புயலும் கற்றுக்கொடுத்த பாடமும் அதுதான், மேட்டுக்கு ஓடு என்று. மலைத்தீயில் அதுவே ஆளைக் கொன்றுவிடும். ஒரு தீக்குச்சியைக் கொளுத்தித் தலையை மேலே பார்த்துப் பிடியுங்கள், நின்று நிதானமாக எரியும். தலைகீழாகப் பிடியுங்கள், விரலைச் சுட்டுவிடும். சரிவில் இருக்கும் புல்லுக்கு அதுதான் நடக்கிறது. கீழே எரியும் தீ, மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே சுட்டுக் காயவைத்துவிடுகிறது. சரிவு பத்து டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது காட்டுத்தீ படித்தவர்கள் சொல்லும் கணக்கு. முப்பது டிகிரிச் சரிவு என்றால் சமதரையைவிட எட்டு மடங்கு. முப்பது டிகிரிச் சரிவில் மனிதன் எப்படி ஓடுவான்? கையை ஊன்றித்தான் ஏற வேண்டும்.

பெரியவரும் ஒரு வாட்சரும் நேராக ஏறவில்லை. பக்கவாட்டில் போனார்கள், தீ ஏற்கெனவே தின்றுவிட்டுப் போன கருப்புத் தரையின் ஓரமாக. அந்த வழியாக முகட்டுக்குப் பக்கத்தில் போய்ப் பிள்ளைகளை மறித்து, கருகிய தரைக்குள் இறங்கச் சொன்னார்கள். அவர்கள் மறுத்துவிட்டார்கள். புகைந்துகொண்டிருக்கும் தரையில் யார் கால் வைப்பார்கள்? பெரியவர், "எரிஞ்சது மறுபடி எரியுமா? அங்க போய் நில்லுங்க" என்று ஒரு அதட்டுப் போட்டாராம். பாறைகளாகப் பார்த்து நிற்கவைத்து, சூடு கொஞ்சம் ஆறியதும் கருப்புத் தரை வழியாகவே கீழே கொண்டுவந்தார். அவர்கள் முதலில் நின்ற முகட்டுப் புல், கொஞ்ச நேரத்தில் ஒரே மூச்சில் எரிந்து முடிந்தது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

கீழே வந்த ஒரு பையனின் விளையாட்டுச் சட்டையில் பொறி பட்ட இடமெல்லாம் உருகி ஓட்டை. ஒரு ஓட்டைக்குக் கீழே சட்டைத் துணி தோலோடு ஒட்டியிருந்தது. பாலியஸ்டர், நைலான் துணி எரிவதைவிட உருகுவதுதான் மோசம். பெரியவர் கட்டியிருந்த பருத்தி வேட்டியிலும் ஓட்டைகள் இருந்தன, அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதன் பிறகுதான் தீயணைப்பு வேலை.

பச்சைத் தழையால் அடிப்பது என்றால் வெறியோடு ஓங்கி ஓங்கி அடிப்பது என்று நாங்கள் நினைத்திருந்தோம். அப்படி அடித்தால் பொறி பறந்து எரியாத பக்கம் விழும், நாமே புதுத் தீ வைத்த கணக்கு. தழையைத் தாழ்த்தி, தீயின் மேல் அழுத்தி, எரிந்த பக்கமாக இழுக்க வேண்டும். நிற்பதும் எரிந்த பக்கத்தில்தான். தீ ஓடிக்கொண்டிருக்கும் முகப்பில் போய் நிற்கக் கூடாது. வால்பக்கத்தில் தொடங்கி, இரண்டு விலாவையும் ஒடுக்கிக்கொண்டே முன்னேற வேண்டும். முழங்கால் உயரத் தீயைத் தழை அணைக்கும். இடுப்பு உயரத்துக்கு வந்துவிட்டால் பக்கத்திலேயே நிற்க முடியாது, முகத் தோல் இழுக்கும். அப்போது ஒதுங்கிப் போய், தீ வரப்போகும் வழியில் எங்கேயாவது ஒற்றையடிப் பாதையோ பாறை வரிசையோ இருக்கிறதா என்று பார்த்து, அதை அகலப்படுத்த வேண்டும். சருகையும் புல்லையும் மண் தெரியும்வரை சுரண்டி எடுக்க வேண்டும். ஃபயர் லைன் என்று இதைத்தான் சொல்கிறார்கள். அந்தக் கோட்டிலிருந்து வருகிற தீயை நோக்கி எதிர்த்தீ வைப்பதும் உண்டு. அதை வாட்சர்கள் செய்ய நாங்கள் தள்ளி நின்று பார்த்தோம். காற்றைத் தெரியாதவன் கையில் எதிர்த்தீ போனால் இரண்டு தீயாகிவிடும்.

காற்று விஷயத்தில் மட்டும் கடலோரத்து அனுபவம் கைகொடுத்தது. தேவனாம்பட்டினத்து மீனவர்களுக்கு மட்டுமல்ல, கடலூர் ஃபயர்மேனுக்கும் காலையில் நிலத்துக் காற்று, உச்சிக்குப் பிறகு கடற்காற்று என்பது மனப்பாடம். பதினொரு மணிக் குடிசைத் தீயும் இரண்டு மணிக் குடிசைத் தீயும் வேறு வேறு திசையில் பரவும். மலையிலும் வெயில்தான் காற்றைத் திருப்புகிறது. பகலில் சரிவு சூடாகி, காற்று பள்ளத்திலிருந்து மேலே ஏறும். பொழுது சாய்ந்து தரை குளிர்ந்ததும் அதே காற்று கீழே இறங்கும். பெரியவர் மூன்று மணிக்கே, "இப்ப சும்மா இருங்க, பொழுது சாயட்டும்" என்றார். கடலூர்க்காரனான எனக்கு அது உடனே விளங்கியது. மற்ற ஆட்களுக்குத்தான் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது பொறுக்கவில்லை. ஆறரைக்கு மேல் காற்று திரும்பியது. புல்லில் ஈரம் ஏறியது. தீ முழங்காலுக்குக் கீழே அடங்கியது. ஒரே வரிசையாக நின்று நள்ளிரவுக்குள் பெரும்பகுதியை மடக்கிவிட்டோம்.

இரவு வேலையின் ஆபத்து வேறு. மேலே பிடித்துக்கொண்டிருந்த வேர் எரிந்துபோனதும் கல், சத்தமில்லாமல் புறப்பட்டு இருட்டில் உருண்டு வரும். பாதி எரிந்த கட்டை கீழே உருண்டு, நாம் அணைத்த இடத்துக்குக் கீழே புதிதாகப் பற்றவைக்கும். மூங்கில் வெடிக்கிறது. வெப்பத்துக்கு வெளியே வந்த பாம்பும் தேளும் காலடியில். ஒருவருக்கு மேல் ஒருவராக நிற்காதீர்கள் என்று வாட்சர்கள் ஏன் திரும்பத் திரும்பச் சொன்னார்கள் என்பது, முதல் கல் என் பக்கத்தில் போன பிறகு புரிந்தது.

குடிசைத் தீயில் புகை நின்றால் வேலை முடிந்தது. நாங்கள் விடியற்காலை இறங்கியபோது எங்கேயும் தீ இல்லை. மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்குக் காற்று மேலே ஏற ஆரம்பித்ததும் மூன்று இடத்தில் மறுபடி பற்றிக்கொண்டது. மக்கிய மரத்தின் பொந்து ஒன்று, காய்ந்த சாணி ஒன்று, மண்ணுக்கடியில் வேர் ஒன்று. மரத்தின் வேர் ஒரு நாள் முழுக்க உள்ளுக்குள் கனன்று, சில அடி தள்ளி வெளியே வரும். புறங்கையைத் தரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சூடு தேடுவது, கட்டையைப் புரட்டுவது, பொந்துக்குள் மண் போடுவது. இந்த வேலை அணைப்பதைவிட அதிக நேரம் பிடிக்கிறது, பார்க்க ஒன்றும் இருக்காது, யாரும் படம் எடுக்க வர மாட்டார்கள். இதற்குத்தான் தண்ணீர் உதவும், அதுவும் கழனியில் மருந்தடிக்கும் பம்பைப் போல முதுகில் மாட்டும் பம்பில். பதினாறு லிட்டர் நிரப்பினால் பதினாறு கிலோ. அதைச் சுமந்து ஏறும் ஆள் குடிக்கவே நாலைந்து லிட்டர் வேண்டும். இப்போது சருகை ஊதித் தள்ளும் இயந்திரங்கள் வனத்துறையில் வந்திருக்கின்றன. கோடு போட அவை நல்ல உதவி என்கிறார்கள். அன்று எங்களிடம் அதெல்லாம் இல்லை.

"ஹெலிகாப்டர்ல தண்ணி ஊத்தலாமே பெரியப்பா" என்று தம்பி மகள் கேட்டாள். எல்லோரும் கேட்பதுதான். 2024 மார்ச்சில் குன்னூர் பக்கம் காட்டுத்தீ வந்தபோது விமானப் படையின் எம்ஐ-17 ஹெலிகாப்டர் வாளி கட்டித் தண்ணீர் கொட்டியது. அதற்கு முன் 2019-ல் பந்திப்பூரிலும் செய்தார்கள். குன்னூரில் கொட்டியது 16,000 லிட்டருக்கு மேல் என்று அப்போது செய்தி வந்தது. பெரிய எண்ணாகத் தெரியும். கோடையில் நம் தெருவுக்கு வரும் தண்ணீர் லாரிகள் ஒன்றரையில் அது முடிந்துவிடும். பக்கத்தில் அணையோ ஏரியோ வேண்டும், புகை விலகிப் பார்வை தெரிய வேண்டும், பள்ளத்தாக்கின் காற்று ஒத்துழைக்க வேண்டும். கொட்டிய தண்ணீர் தீயின் வேகத்தைக் குறைக்கும், ஆட்கள் பக்கத்தில் போக வழி செய்யும். வேர் வேராகத் தேடி முடிப்பது அப்போதும் தழையோடு நிற்கிற வாட்சர்தான். நம்மில் பலருக்கு அவர்கள் ஞாபகம் வருவது ஏதாவது பெரிய விபத்து நடக்கும்போது மட்டும்.

குரங்கணியைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. 2018 மார்ச் 11. தேனி மாவட்டத்தில் அந்த மலைக்கு நடைப்பயணம் போனவர்கள் தீயில் மாட்டிக்கொண்டு, பிறகு மருத்துவமனைகளில் இறந்தவர்களையும் சேர்த்து 23 பேர் இறந்துபோனார்கள். சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்தும் வந்தவர்கள். காய்ந்த புல், செங்குத்தான சரிவு, மதிய நேரத்துக் காற்று. எங்கள் நிலையங்களில் அப்போது இதைப் பற்றிப் பேசாத நாள் இல்லை. நான் மேலே சொன்ன அருவிக் கதையில் பெரியவர் அரை மணி நேரம் தாமதமாக வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதே ஆண்டு மலையேற்றத்துக்கு அரசு விதிமுறைகள் கொண்டுவந்தது. 2024-ல் ட்ரெக் தமிழ்நாடு என்ற பெயரில் 40 பாதைகளைத் தேர்ந்தெடுத்து, இணையத்தில் பதிவு செய்து வழிகாட்டியோடு போகிற ஏற்பாடு வந்தது. 2025-ல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை தீக்காலம் என்று அந்தப் பாதைகளை மூடிவைத்தார்கள். சில பிள்ளைகளுக்கு இதில் வருத்தம், பரீட்சை முடிந்து லீவு கிடைப்பதே அப்போதுதானே என்று. மூடுவது சரி என்பது என் கட்சி. சங்கடம் என்னவென்றால், பெரிய பாதையை மூடினால் கூட்டம் பேர் தெரியாத சின்ன மலைகளுக்குத் திரும்புகிறது. அங்கே வாட்சர் கிடையாது, ஃபயர் லைன் கிடையாது, நீங்கள் மேலே இருக்கிறீர்கள் என்பதே யாருக்கும் தெரியாது. தம்பி மகள் கூட்டம் தேர்ந்தெடுத்ததும் அப்படி ஓர் இடம்தான்.

மலைத்தீ தானாக வருகிறது, மூங்கில் உரசி வருகிறது என்று பலர் சொல்வார்கள். என் சர்வீஸில் மூங்கில் உரசிப் பற்றிய தீ ஒன்றுகூடப் பார்க்கவில்லை. பீடி, சமையல், தேன் எடுக்கப் போட்ட புகை, மாட்டுக்குப் புதுப்புல் முளைக்கட்டும் என்று வைத்த தீ, சாலையோரக் குப்பை. மனிதக் கைதான். உடனே மலைவாழ் மக்கள் மேல் பழி போடுவதும் ஒரு பழக்கமாகிவிட்டது. புல்லுக்குத் தீ வைப்பவர்கள் அவர்களில் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் எங்கே எந்தக் காற்றில் வைத்தால் எங்கே போய் நிற்கும் என்று அவர்களுக்குத் தெரியும். தீ கைமீறினால் முதலில் வருவதும் அவர்கள்தான். சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை போகிறவருக்கு இரண்டும் கிடையாது.

எரிவதற்கு என்ன கிடக்கிறது என்பதைக் கடலூர்க்காரர்களுக்குப் புரியவைப்பது எளிது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதற்கடுத்த கோடையில் தோப்புகளில் விழுந்து காய்ந்த கிளையும் சருகும் ஆள் இடுப்புக்குக் கிடந்தன. வழக்கமாகச் சருகோடு ஓடிவிடும் தீ, அந்த வருடம் நின்று எரிந்தது, பக்கத்தில் போக முடியவில்லை. கேப்பர் மலைப் பக்கம் முந்திரிக்கொட்டை பொறுக்குவதற்காக மரத்தடியைக் கூட்டிவைத்திருந்த தோப்புகளில் தீ வரப்போடு நின்றுவிட்டது. மலைப்பாதையில் நடக்கும்போதும் இதே கண்ணோடு பாருங்கள். புல் எவ்வளவு உயரம், கையில் ஒடித்தால் வளைகிறதா, படக்கென்று ஒடிகிறதா, எங்கே வெறும் பாறை இருக்கிறது, எங்கே ஏற்கெனவே எரிந்திருக்கிறது.

பிள்ளைகளுக்கு நான் முதலில் சொன்னது நேரம். தீக்காலத்தில் போகவே வேண்டாம். மற்ற வறண்ட மாதங்களில் போனாலும் விடியும்போது ஏறி, பதினொரு மணிக்குள் புல் சரிவை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். உச்சி வெயில் நேரத்துக்குப் பாறையிலோ நிழலடர்ந்த ஈரக்காட்டிலோ இருக்கலாம். உடை பருத்தி, முழுக்கை, முழுக்கால், மூடிய ஷூ. ஒரு பருத்தித் துண்டு. கீழே ஊரில் ஒருவரிடம் எத்தனை பேர், எந்தப் பக்கம், எப்போது திரும்புவோம் என்று சொல்லி, அவர் எண்ணை வாங்கி, நம் எண்ணைக் கொடுத்துவிட்டு ஏற வேண்டும். 101, 112 இரண்டும் எல்லோருக்கும் தெரியும். மலையில் சிக்னல் கிடைக்கிற இடம் எது என்பதை ஏறும்போதே பார்த்துவைக்க வேண்டும்.

"புகை தெரிஞ்சா என்ன பண்றது?" என்று ஒரு பையன் கேட்டான். அது எங்கே இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. நமக்குக் கீழே என்றால், எவ்வளவு தூரத்தில் இருந்தாலும், படம் எடுக்காமல் கிளம்ப வேண்டும். மேலே போகாமல் பக்கவாட்டில், தீயின் விலாவைத் தாண்டும்படி நடந்து, அப்புறம் இறங்க வேண்டும். புகை நம் பக்கம் சாய்ந்தால் நமக்கு நேரம் குறைவு. ஓடைப் பள்ளத்தில் இறங்கி ஒளியலாம் என்று தோன்றும், பெரும்பாலும் அது தப்பு. சருகும் புதரும் அடைத்த குறுகலான பள்ளம் புகைபோக்கியாக வேலை செய்து தீயை உறிஞ்சி மேலே இழுக்கும். இரண்டு குன்றுகளுக்கு நடுவே தாழ்வாக இருக்கும் கணவாயும் அப்படித்தான். அகலமான வெறும் பாறை, தண்ணீர் நிற்கும் அருவிக் குட்டை, உழுது போட்ட நிலம், எரிந்து ஆறிய தரை, இவைதான் இடம். எதுவும் எட்டவில்லை என்றால், புல் குறைவான இடத்தில் கையால் மண் தெரியப் பறித்து, முகம் மண்ணில் படக் குப்புறப் படுத்து, கால் தீப்பக்கம் இருக்கும்படி, துணியால் மூடிக்கொள்ள வேண்டும். பையைத் தூக்கி எறிந்துவிடலாம். தண்ணீரை மட்டும் விடக்கூடாது. இதைச் சொல்லும்போது வராந்தாவில் ஒரு சத்தம் இல்லை.

அவர்களில் ஒருத்தி மடிக்கணினியோடு வேலை செய்பவள். அவள் எனக்கு ஒன்றைக் காட்டினாள். இந்திய வன அளவைத் துறை, செயற்கைக்கோள் கண்ட தீப்புள்ளிகளைக் குறுஞ்செய்தியாக அனுப்புகிறது. பொதுமக்களும் எண்ணைப் பதிந்துகொள்ளலாம். நாசாவின் வரைபடம் ஒன்றும் இலவசமாகப் பார்க்கக் கிடைக்கிறது. 375 மீட்டர்க் கட்டம் கட்டமாகப் பார்க்கும் கருவியாம். கிளம்புவதற்கு முந்திய ஒரு வாரம் அந்த மலையைச் சுற்றிப் புள்ளி விழுகிறதா என்று பார்த்துக்கொள்ள நல்ல வசதி. மலையில் நின்றுகொண்டு அதை நம்பக் கூடாது. அந்தச் செயற்கைக்கோள்கள் நம் தலைக்கு மேல் வருவது நண்பகலை ஒட்டியும் நள்ளிரவை ஒட்டியும்தான். மூன்று மணிக்குப் பற்றிய தீ அதற்குத் தெரிய ராத்திரி ஆகிவிடும்.

தீப்புண்ணைப் பற்றியும் கேட்டார்கள். சாதாரணத் தண்ணீரை இருபது நிமிடம் ஊற்றிக்கொண்டே இருப்பது, உருகி ஒட்டிய துணியைப் பிய்க்காமல் சுற்றி வெட்டுவது, சுத்தமான துணியால் தளர மூடுவது, மருத்துவமனை. பற்பசை, மை, மாவு, நெய் எதுவும் வேண்டாம். தீத்தொண்டு வாரத்தில் எத்தனையோ பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லியிருக்கிறோம், இன்னும் அழைப்புக்குப் போகிற இடமெல்லாம் புண்ணில் பற்பசைதான். புகையைக் குடித்தவர் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும், மூச்சுக்குழாய் வீங்குவது சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும்.

கடைசியில் பயணத்தைத் தள்ளிப்போட்டார்கள். மழை முடிந்து புல் பச்சையாக இருக்கும்போது, பதிவு செய்து வழிகாட்டியோடு போகும் பாதை ஒன்றுக்குப் போவதாக ஏற்பாடு. கரி மூட்டையை எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டார்கள். என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். முட்டி ஒத்துழைத்தால் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், கம்பூட் மட்டும் போட மாட்டேன்.